தறி நிற்கும் நாளுக்கும் கூலி

(காஞ்சிபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன சிலவற்றைக் குறைத்திருக்கிறேன். அவையை நோக்கிப் பேசியதை அப்படியே விட்டிருக்கிறேன்.)



வேலையைப் போட்டுவிட்டு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் நெசவாளர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பேசி முடிக்கும் வரை உங்கள் தறி நிற்கும். எனக்கு இங்கே வந்துபோகப் பயணப்படி உண்டு. மேடையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு இது பணிநாள் கணக்கில் சேரும். உங்களுக்கு மட்டும் இந்த இரண்டு மணி நேரம் கூலியில் குறையும். இன்று நான் பேச வந்த பொருளே இதுதான்.

அமைப்பாளர்கள் எனக்குத் தந்த தலைப்பு, ‘படைப்புத் தொழிலாளர்களின் ஊதியமும் பணிப் பாதுகாப்பும்’. பத்திரிகையாளர், பாடலாசிரியர், சினிமாத் தொழிலாளர் என்று பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அவர்களும் வருவார்கள். ஆனால் இந்த ஊர்ப் பிள்ளையார்பாளையத்தில் பிறந்து, தறிச் சத்தத்தில் பாடம் படித்தவன் காஞ்சி மண்ணில் நின்று இந்தத் தலைப்பைப் பேசினால், தறிக்குழியில் தொடங்குவதுதான் முறை.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பட்டு நெசவாளர் கூலியும் பாதுகாப்பும் கேட்டால், ‘நீ உன் வீட்டில், உன் தறியில் நெய்கிறாய், நீ தொழிலாளி இல்லை, சொந்தத் தொழில் செய்பவன்’ என்கிறார்கள். சரி, சொந்தத் தொழில் என்றால் நான் படைத்ததில் என் பெயரும் பங்கும் எங்கே என்று கேட்டால், ‘நீ கூலிக்கு நெய்தவன்தானே’ என்கிறார்கள். இரண்டு பதிலும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. அவர் தொழிலாளி, அவரே படைப்பாளி. இரண்டு உரிமையும் அவருக்குச் சேர வேண்டும். கொடுக்கிறோமா இல்லையா என்பதைத் தறி ஓடும் நாளின் கூலியை வைத்து அளக்க முடியாது. தறி நிற்கும் நாளில் அந்த வீட்டுக்கு என்ன வருகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

1. போகும் உரிமை

நெசவாளர் எப்போதும் ஏழையாகத்தான் இருந்தார் என்ற எண்ணம் நம் மனத்தில் ஊறியிருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தம சோழன் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்று நாம் உலகளந்த பெருமாள் கோயில் என்று சொல்லும் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் அறக்கொடைகளையும் கணக்கையும் மேற்பார்க்கும் பொறுப்பு இந்த நகரின் நெசவாளர் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்களிடம் ஒப்படைக்கப்பட்டதை அது சொல்கிறது. கோயிலுக்குத் துணி கொடுத்தவர்கள் கோயில் கணக்கையும் பார்த்தார்கள். விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகளில் நெசவுச் சமூகத்தாரான காஞ்சிக் கைக்கோளர்கள் பல்லக்கும் சங்கும் பெற்ற மரியாதை பதிவாகியிருக்கிறது. காஞ்சிபுரத்தாருக்கு இருப்பது போல் தங்களுக்கும் வேண்டும் என்று பிற ஊர்க் கைக்கோளர்கள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். விஜயா ராமசாமி இடைக்கால நெசவாளர்களைப் பற்றி 1985இல் வெளியிட்ட நூலில் இத்தகைய செய்திகளை நிறையத் தொகுத்திருக்கிறார். மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டிய நூல் அது.

பல்லக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு செய்தி. வரி தாங்க முடியாமல் நெசவாளர்கள் ஊரைவிட்டுப் போய்விட, அதிகாரிகள் வரியைக் குறைத்து அவர்களைத் திரும்ப அழைத்ததைக் கல்வெட்டுகளில் பார்க்கிறோம். தறி என்பது கழற்றி எடுத்துப் போகக்கூடிய சில மரங்கள், அச்சு, விழுது, நாடா. குழி எந்த ஊரிலும் வெட்டிக்கொள்ளலாம். கையில் தொழில் இருந்தது. காலில் கட்டு இல்லை. அதனால்தான் அரசும் வணிகரும் அவரிடம் இறங்கி வந்தார்கள்.

2. முன்பணம் யாருக்குப் பலம்?

இந்தப் பகுதியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன். என் உரையின் நடுத்தண்டு இதுதான்.

பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றிப் பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் ஒரு நூல் வெளியிட்டார். அன்றைய தென்னிந்திய நெசவாளரின் உண்மைக் கூலி, அதாவது கூலிக்கு வாங்க முடிந்த உணவின் அளவு, அதே காலத்து இங்கிலாந்து நெசவாளருடையதற்குக் குறைந்ததாக இல்லை என்பது அவருடைய வாதம். அதற்கு அவர் காட்டும் காரணங்களில் ஒன்று முன்பண முறை. வணிகர் நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பார். நெசவாளருக்கு மனம் மாறினால், வேறொருவர் கூடுதலாகக் கொடுத்தால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். வணிகர் அப்படி நினைத்தபோது விலக முடியாது. முன்பணம் என்பது நெய்யும் காலத்தில் வீட்டில் உலை கொதிக்க வணிகர் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. அந்தப் பொறுப்பு கொடுத்தவரைத்தான் கட்டியது.

கிழக்கிந்தியக் கம்பெனி இதைத் தலைகீழாக்கியது. கம்பெனியிடம் பணம் வாங்கியவர் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது என்றார்கள். வீட்டு வாசலில் சேவகரை நிறுத்தினார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகும் வழக்கம் ஒடுக்கப்பட்டது. அரசு அதிகாரமும் வணிகமும் ஒரே கைக்கு வந்தபோது, நெசவாளரின் பலமாக இருந்த முன்பணம் அவர் காலில் விலங்காயிற்று.

கம்பெனி போய்விட்டது. முன்பணத்தின் அந்தக் குணம் போகவில்லை. இன்று கூலிக்கு நெய்யும் குடும்பம் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ மாஸ்டர் வீவரிடம், அதாவது பட்டும் ஜரிகையும் கொடுத்துக் கூலிக்கு நெய்யவைக்கும் முதலாளியிடம், வாங்கும் தொகைக்குப் பெரும்பாலும் வட்டி இல்லை. கேட்கும்போது உதவியாகத்தான் தோன்றும். கொடுப்பவரும் பல நேரம் உதவியாகவே கொடுக்கிறார். ஆனால் அந்தத் தொகை தீராத வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. போக முடியாதவரிடம் கூலி உயர்வைப் பற்றி யாரும் பேச வேண்டிய அவசியம் இல்லை. கூலியில் குறைகிற ரூபாய்தான் அந்தக் கடனின் வட்டி.

இதன் மிகக் கொடிய வடிவத்தை இந்த ஊர் பார்த்திருக்கிறது. பெற்றோர் வாங்கிய பணத்துக்காகப் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்தார்கள். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் வந்து கால் நூற்றாண்டு கழித்தும் நிலை அதுதான். பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறுவர்களைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அந்தப் பிள்ளைகளில் பலரைப் பள்ளிக்குக் கொண்டுவந்த அதிகாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் இந்த மேடையிலிருந்து நன்றி சொல்கிறேன். பிள்ளைகள் தறியிலிருந்து எழுந்தார்கள். அவர்களை உட்கார வைத்த கணக்குப் புத்தகத்தை நாம் இன்னும் திறந்து பார்க்கவில்லை.

அந்தப் புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன். என் தந்தையார் நெய்த இடத்தில் கூலி நோட்டு முதலாளியிடம்தான் இருக்கும். சேலை கொடுக்கப் போகும்போது எடுத்து எழுதுவார்கள். எழுதியதும் உள்ளே போய்விடும். நான் எட்டாவது படித்த ஆண்டு தீபாவளிக்கு முன் ஒரு சேலையில் ஏதோ கறை என்று கூலியில் பிடித்தார்கள். கறை எங்கே என்று அப்பா கேட்கவில்லை. கேட்டால் பாக்கி எவ்வளவு என்ற பேச்சு வரும். கணக்குப் பாடத்தில் நூறு வாங்குகிற மகன் பக்கத்தில் நின்றும் அந்தப் பாக்கியைக் கூட்டிப் பார்க்க வழி இல்லை. நோட்டு எங்கள் கையில் இல்லையே. பொருளாதார வரலாறு படிக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தது எந்தக் கல்லூரியிலும் இல்லை, அந்தத் திண்ணையில்.

3. கணக்கில் வராத கைகள்

ஒரு சேலைக்குக் கூலி இவ்வளவு என்கிறோம். எத்தனை நாளுக்கு, எத்தனை பேருக்கு என்று கேட்பதில்லை.

வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளிலும் ஒரு சேலை முடியும், ஒரு மாதமும் பிடிக்கும். அது நெய்யும் நாள் மட்டும். ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலை வரும். அது முடிந்தால் புதுப் பாவை நூலுக்கு நூல் பழைய பாவோடு பிணைக்க வேண்டும். முந்தானைக்கு வேறு நிறம் என்றால் பெட்னி போட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகளைக் கையால் முறுக்கிச் சேர்க்கிற அந்த நாளில் துணி ஒரு விரற்கடைகூட வளராது. டிசைன் மாறினால் ஜக்கார்டு அட்டை மாற்றிச் சரிபார்க்க வேண்டும். ஐப்பசி மழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது, தறிக்குழியில் ஊற்றெடுக்கும். இவை தவிர, பட்டோ ஜரிகையோ வராமல் காத்திருக்கும் நாள்கள். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்லப்படும் நாள்கள். இவை எல்லாம் தறி நிற்கும் நாள்கள். இவற்றுக்குக் கூலி கிடையாது. சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்க வேண்டியவர் முதல் போட்டவர். இங்கே அதைத் தாங்குவது நெசவாளர் வீட்டு அரிசிப் பானை.

அடுத்தது பெண்கள். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம்; மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவர் தனியாக நெய்ய முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள ஒரு கை வேண்டும். முன்பு அது பிள்ளையின் கை. இப்போது பெரும்பாலும் மனைவியின் கை. காலையில் சமைத்துவிட்டுத் தறியில் உட்கார்ந்து, இடையில் எழுந்து ராட்டையில் தார் சுற்றி, திரும்ப வந்து உட்காருகிற அந்தப் பெண்ணின் பெயர் கூலி நோட்டில் இல்லை. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகவும் அவர்களில் 72 சதவீதத்தினர் பெண்கள் என்றும் சொல்கிறது. அதே கணக்கெடுப்பின்படி நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. இது ஒரு ஆளின் வருமானம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தறியில் இருப்பவர், பக்கத்தில் இருப்பவர், தார் சுற்றுபவர், எல்லாக் கையும் சேர்ந்த குடும்ப வருமானம்.

என் அம்மாவிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கணக்கெடுக்க வந்தவர் கேட்டபோது, ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்’ என்றார். அப்போதும் அவர் கையில் தார்க்குச்சி இருந்தது.

4. சட்டம் யாரைத் தொழிலாளி என்கிறது?

‘சொந்தத் தறி, சொந்த வீடு, நினைத்த நேரத்தில் நெய்கிறார், எப்படித் தொழிலாளி ஆவார்?’ இந்தக் கேள்விக்கு நம் நீதிமன்றங்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டன, வேறு தொழில்களில்.

சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துண்டுக் கணக்கில் கூலி வாங்கித் தைப்பவர்கள் கடைத் தொழிலாளர்களா என்பது கேள்வி. நேரக் கட்டுப்பாடு இல்லை, வேலை இருந்தால் வருவார்கள், இல்லாவிட்டால் போய்விடுவார்கள் என்றது கடைக்காரர் தரப்பு. தைத்தது சரியில்லை என்று தள்ளித் திரும்பத் தைக்கச் சொல்லும் அதிகாரம் கடைக்காரருக்கு இருக்கிறதே, அதுவே கட்டுப்பாடுதான் என்று கருதி, அவர்கள் தொழிலாளர்களே என்றது நீதிபதி கே.கே. மாத்யூ எழுதிய தீர்ப்பு. என் தந்தையாரின் சேலையில் கறை கண்ட அதிகாரமும் அதுதான்.

தையல் இயந்திரம் கடைக்காரருடையது, தறியோ நெசவாளருடையது என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான மறுப்பு. அதற்கு வேலூரிலும் திருநெல்வேலிப் பக்கத்திலும் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களைக் காட்டுகிறேன். முறமும் கத்திரியும் அவர்களுடையவை; இலையும் தூளும் கம்பெனியுடையவை. 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றது. அவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி உண்டு என்று 1985இல் பி.எம். படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சுற்றிய பீடியைக் கழிவு என்று தள்ளுவதற்குக்கூடச் சில மாநில விதிகள் 5 சதவீதம் என்று வரம்பு வைத்தன. காஞ்சி நெசவாளர் வீட்டுக்கு வரும் பட்டும் ஜரிகையும் டிசைனும் வணிகருடையவை. நெய்த சேலை வணிகருக்குத்தான் போகிறது. பீடிக்குப் பொருந்திய நியாயம் பட்டுக்குப் பொருந்தாமல் போக எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பீடித் தொழிலாளர் சட்டம், 1955ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், 1981ஆம் ஆண்டுச் சினிமாத் தொழிலாளர் சட்டம் மூன்றும் அவற்றில் ஒரே தொகுப்புக்குள் போய்விட்டன. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் ‘வீட்டிலிருந்து உழைப்பவர்’ என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது: ஒரு முதலாளிக்காகத் தன் வீட்டில் ஊதியத்துக்குப் பொருள் செய்பவர், கருவியும் மூலப்பொருளும் யார் கொடுத்தாலும். கூலிக்கு நெய்பவரை அப்படியே படம் பிடித்த வரையறை. ஆனால் அவரை அமைப்புசாராத் தொழிலாளர் பட்டியலில் சேர்த்துவிட்டு, வரையறையிலேயே பெயர் வருகிற அந்த ‘முதலாளி’ என்ன பங்கு தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. செயலி வழியாக உணவு கொண்டுவரும் இளைஞருக்கு அந்தச் செயலி நிறுவனம் தன் விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை தர வேண்டும் என்று அதே தொகுப்பு சொல்கிறது. அது நல்ல ஏற்பாடு. நெசவாளருக்கும் அது வேண்டும்.

சட்டம் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. பத்திரிகையாளர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுப் பரிந்துரைகளை அரசு 2011இல் அறிவித்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் அது பொருந்தும் என்று 2017இல் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. நிரந்தர வேலையை ஒப்பந்தமாக்கி, ஒப்பந்தத்தைக் கட்டுரைக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று துண்டுக் கணக்காக்கும் போக்கு ஊடகத்தில் வளர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த அவையில் இருக்கும் ஊடகத் துறை மாணவர்கள் நெசவாளரின் கதையை யாரோ ஒருவரின் கதையாகக் கேட்க வேண்டாம். துண்டுக்குக் கூலி, காத்திருப்புக்கு ஒன்றும் இல்லை, சரியில்லை என்றால் பணமும் இல்லை: நீங்கள் நுழையப் போகும் வேலையும் இந்தத் தறிக்குழியின் முறையில்தான் நடக்கத் தொடங்கியிருக்கிறது.

5. பெயர்

இனி நெசவாளர் படைப்பாளியும்தான் என்ற உரிமைக்கு வருகிறேன். 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. சினிமாவுக்குப் பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும், திரையரங்கில் படம் ஓடுவது தவிர்ந்த மற்றப் பயன்பாடுகளின் உரிமத் தொகையில் சம பங்கு பெறுவார்கள். அந்த உரிமையை அவர்களே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. எழுதிக் கொடுக்கச் சொல்லி வற்புறுத்தப்படுவார்கள் என்று தெரிந்துதான் சட்டம் அப்படிக் கதவை அடைத்தது. ஒரு படைப்பாளிக்கு இந்த நாடு தந்த பாதுகாப்புகளில் மிகச் சிறந்தது இது என்பேன்.

சேலைக்கு டிசைன் போட்டவருக்கு என்ன இருக்கிறது? 2000ஆம் ஆண்டு டிசைன் சட்டம், ஒருவர் இன்னொருவருக்காகக் கூலி வாங்கி டிசைன் செய்தால் உரிமையாளர் அந்த இன்னொருவரே என்கிறது. பதிவு செய்யக்கூடிய டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, அதைத் தொழில்முறையில் ஐம்பது முறைக்கு மேல் பிரதி எடுத்துவிட்டால் பதிப்புரிமையும் போய்விடும். கைப்பேசியில் எடுத்த ஒரு படம் போதும்; கரையில் ஒரு புது அன்னப்பட்சியை இறக்கியவர் அடுத்த மாதமே விசைத்தறியில் அதைப் பார்க்கிறார். 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் விசைத்தறிக்குத் தடை போட்டுத்தான் இருக்கிறது. 1993இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் தொடக்கத்தில் 22 ஆக இருந்த ஒதுக்கீட்டு ரகங்கள் பிறகு 11 ஆகக் குறைந்தன.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று வாங்குபவர் கேட்க அது வழி செய்தது. ஆனால் அது ஊரின் பெயரைக் காக்கிறது. நெய்தவரின் பெயர் அதில் இல்லை. கடையின் பெயர் பெட்டியில் இருக்கிறது, ஊரின் பெயர் சீட்டில் இருக்கிறது, நடிகையின் முகம் விளம்பரத்தில் இருக்கிறது. இருபது நாள் அந்தச் சேலையோடு இருந்தவர் யார் என்று கட்டிக்கொள்ளும் மணப்பெண்ணுக்குத் தெரிவதில்லை. தஞ்சையில் வீணை வாங்கினால் செய்தவர் வீட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். பட்டுக்கு ஏன் அது முடியாது? பெயர் வெளியே தெரிந்தால் வாங்குபவர் நேரே போய்விடுவார் என்று வணிகர் அஞ்சுகிறார். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒருவருக்கு நேர்மையான கூலி கொடுத்தால் அவர் பெயரை மறைக்க வேண்டிய தேவை குறையும்.

6. சொசைட்டியும் அதற்கு வெளியிலும்

இந்த ஊரில் இதற்கெல்லாம் ஒரு விடை ஏற்கெனவே உண்டு. முருகன், காமாட்சியம்மன், அண்ணா என்ற பெயர்களில் இயங்கும், சொசைட்டி என்று நாம் சொல்லும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினருக்குக் கூலி விவரம் எழுத்தில் கிடைக்கிறது, போனஸ் உண்டு, சேமிப்பு, ஓய்வூதியத் திட்டங்கள் உண்டு. நெசவாளர் குடும்பத்தில் இதே ஊரில் 1909இல் பிறந்த அண்ணா, 1953இல் திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து விற்றார். அந்தக் காலத்து உணர்வில் வளர்ந்தவை இந்தச் சங்கங்கள். குறைகளும் உண்டு. சரக்குத் தேங்கினால் பட்டு கொடுப்பது குறைகிறது, கூலி தாமதமாகிறது. தலைமையில் இருப்பவர்கள் அதைச் சரிசெய்யாவிட்டால் உறுப்பினர் மெல்ல மாஸ்டர் வீவரின் திண்ணைக்குத் திரும்பிவிடுவார். அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையும் மத்திய அரசு 2020இல் கலைத்துவிட்டது. தங்கள் குறையைச் சொல்ல நெசவாளர்களுக்கு இருந்த ஓரிடம் அப்படிக் குறைந்தது.

எங்கள் தெருவில் அடுத்த தலைமுறையில் தறியில் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் விடியற்காலையில் கம்பெனிப் பேருந்து போகிறது; காவலாளி வேலைக்கும் போகிறார்கள். நெய்யத் தெரிந்த கை ஏன் கேட்டைத் திறந்து மூடப் போகிறது என்று வருத்தப்படுகிறோம். அவர்களிடம் கேட்டேன். சம்பளம் பெரிதாக அதிகம் இல்லை என்றார்கள். ‘மாசம் ஒண்ணாம் தேதி வருதுங்க. சீட்டு தர்றாங்க. லீவு போட்டா கேட்க ஒரு ஆள் இருக்காங்க’ என்றார் ஒருவர். அன்றைய நெசவாளர் நியாயம் கிடைக்காதபோது தறியோடு ஊரைவிட்டுப் போனார். இன்று ஊரில் இருந்துகொண்டே தறியைவிட்டுப் போகிறார். வரியைக் குறைத்து அவரைத் திரும்ப அழைத்த அரசரைப் போல இப்போது யாராவது அழைத்தாக வேண்டும்.

அரசிடம் நான் கேட்பது இது. தமிழ்நாட்டில் கைத்தறி, கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர்களுக்கு ஒரு நலவாரியம் இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் வாரியத்துக்குக் கட்டடச் செலவில் 1 சதவீதம் போகிறது. கட்டடம் கட்டுபவர் யாரும் அதனால் கட்டாமல் விட்டுவிடவில்லை. அதேபோல் காஞ்சிப் பட்டு என்று விற்கப்படும் ஒவ்வொரு சேலையின் விலையிலும் 1 சதவீதம் நெசவாளர் வாரியத்துக்குப் போகட்டும். மழை நாளுக்கும், பெட்னி நாளுக்கும், பட்டு வராமல் காத்திருக்கும் நாளுக்கும் அதிலிருந்து கூலி கொடுக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளும் பெண்ணுக்கு அவர் பெயரிலேயே உறுப்பினர் அட்டை கொடுங்கள்.

முன்வரிசையில் இருக்கும் பட்டு வணிகர்களிடம் கேட்பது இன்னும் எளிது. அதற்குச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூலி நோட்டை இரண்டாகப் போடுங்கள். ஒன்று உங்களிடம் இருக்கட்டும், ஒன்று நெசவாளர் வீட்டில் இருக்கட்டும். கொடுத்த பட்டு எவ்வளவு, டிசைன் எது, கூலி எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, எதற்காகப் பிடித்தது, முன்பணத்தில் பாக்கி எவ்வளவு என்று இரண்டிலும் ஒரே கையெழுத்தில் இருக்கட்டும். தை முகூர்த்தச் சேலைகளுக்குப் பாவு ஏற்றும்போதே இதைத் தொடங்கிவிடலாம். அந்த வீட்டில் எட்டாவது படிக்கும் ஒரு பிள்ளை இருக்கும். அது கூட்டிப் பார்த்துக்கொள்ளும்.